பொன்னேரிப் பள்ளிக்கூடமும் ஒரு பாதி ஆராய்ச்சியும்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், பழவேற்காட்டிலிருந்து எங்கள் பழைய வீட்டுக்குப் பக்கத்து வீட்டு அண்ணன் வந்திருந்தார். கூடவே பேத்தி. அண்ணனுக்கு எண்பது தாண்டிவிட்டது. முட்டி வலி. இருந்தும் பொன்னேரிக்குப் பஸ் பிடித்து, அங்கிருந்து ரயிலில் வந்திருக்கிறார் என்றால் ஏதோ பெரிய விஷயம் என்று தெரிந்துவிட்டது.

காபி குடித்து முடித்ததும் பேத்தி கையில் இருந்த பிளாஸ்டிக் உறையிலிருந்து இரண்டு காகிதங்களை எடுத்து மேஜையில் வைத்தாள். ஒன்று ஒரு வங்கியின் வேலை உத்தரவு. கடன் அபாயம் கணக்குப் போடும் பிரிவில் மாதம் அறுபதாயிரம் ரூபாய். இன்னொன்று பி.எச்டி. ஆராய்ச்சிக்கு இடம் கிடைத்த கடிதம். பாடம், கணிதப் புள்ளியியல். எடுத்துக்கொள்ள நினைத்திருக்கும் தலைப்பு, காப்பீட்டு நிறுவனம் ஒன்று கையிருப்பு தீர்ந்து திவாலாகும் வாய்ப்பைக் கணக்கிடுவது.

"தம்பி, நம்ம குப்பத்துல அந்தப் படிப்பு படிச்சவன் நீ ஒருத்தன்தான். எது நல்லதுன்னு நீ சொல்லு. நீ சொல்றதை நான் கேட்டுக்கறேன்" என்றார் அண்ணன்.

எனக்கு வயிற்றைக் கலக்கியது. என்னிடம் ஒருவர் இப்படிக் கேட்பது இது இரண்டாவது தடவை. முதல் தடவை கேட்டது என் நைனா. அப்போது நான் சொன்ன பதில் என்ன ஆயிற்று என்பது அண்ணனுக்கு நன்றாகத் தெரியும். பக்கத்து வீடாயிற்றே.

நம் ஊர்க்காரர்களுக்குப் 'பாடு' என்றால் விளக்க வேண்டாம். வெளியூர் வாசகர்களுக்காகச் சொல்கிறேன். பழவேற்காடு ஏரியில் இறால் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி விழாது. முகத்துவாரத்தை ஒட்டி, கடல் தண்ணீர் ஏறி இறங்கும் இடங்களில்தான் வலைக்கு வேலை. அந்த இடத்துக்கு எல்லோரும் ஓடினால் அடிதடிதான். அதனால் பெரியவர்கள் அந்தக் காலத்திலேயே முறை வைத்தார்கள். பாட்டு உரிமை உள்ள ஊர்களுக்குள் முறை, ஊருக்குள் தலைக்கட்டுக்கு ஒரு சீட்டு, குலுக்கிப் போட்டு எந்த இடம் யாருக்கு என்று தீர்மானம். இன்று ஆகாத இடம் வந்தவனுக்கு இன்னொரு நாள் நல்ல இடம் வரும். (பாட்டுக்குள் இல்லாத ஊர்க்காரர்களுக்கு இது நியாயமாகப் படாது. அந்தத் தகராறு தனிக் கதை, பல தலைமுறைக் கதை.)

கல்லூரியில் எனக்குப் பெரும் எண்கள் விதியை நடத்தியபோது பாட்டுச் சீட்டுதான் நினைவுக்கு வந்தது. சுவிட்சர்லாந்துக்காரர் ஜேக்கப் பெர்னூலி எழுதிவைத்து, அவர் இறந்த பிறகு 1713இல் அச்சான விதி அது. திரும்பத் திரும்பச் சீட்டுப் போட்டுக்கொண்டே போனால் கடைசியில் ஒவ்வொருவன் பங்கும் சராசரியை நெருங்கிவிடும். எங்கள் பெரியவர்கள் பெர்னூலியைப் படிக்கவில்லை, ஆனால் அதை நம்பித்தான் சீட்டுக் குலுக்கினார்கள். வகுப்பில் உட்கார்ந்துகொண்டு எனக்குத் தலைகால் புரியாத பெருமை.

அந்தப் பெருமைதான் வினையாயிற்று.

பி.எஸ்ஸி. இரண்டாம் வருஷம் லீவுக்கு ஊருக்கு வந்திருந்தேன். பருத்தி நூல் வலை போய் நைலான் வலை வந்துகொண்டிருந்த காலம். இறாலுக்கு வெளிநாட்டில் விலை இருக்கிறது என்று வியாபாரிகள் முன்பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு சுற்றினார்கள். நைனாவுக்கு ஒரு புது நைலான் வலை மேல் ஆசை. விலை அறுநூறு ரூபாய். வியாபாரி கடன் தருகிறேன் என்றார். பிடிப்பு முழுவதும் அவருக்கே போட வேண்டும், தவணை தவறினால் வலையும் தோணியும் அவருக்கு.

"நீதான் கணக்குப் படிக்கிறியே, வாங்கலாமா சொல்லு" என்றார் நைனா.

நான் நோட்டும் பென்சிலுமாக உட்கார்ந்தேன். அம்மாவையும் நைனாவையும் கேட்டு இரண்டு வருஷ வரவை நினைவிலிருந்து எழுதி வாங்கினேன். நாள் ஒன்றுக்குச் சராசரி ஒன்பது ரூபாய். வீட்டுச் செலவு ஐந்து. மீதி நான்கு. அறுநூறை நான்கால் வகுத்தால் நூற்றைம்பது நாள். ஐந்தே மாதத்தில் கடன் அடைந்துவிடும். புது வலையில் பிடிப்பு கூடினால் அதற்கும் முன்னால். தைரியமாக வாங்குங்கள் என்றேன். கணக்கில் எந்தத் தப்பும் இல்லை. இன்றைக்குப் போட்டுப் பார்த்தாலும் நூற்றைம்பதுதான் வரும்.

அந்த வருஷம் முகத்துவாரம் மண் மூடிக்கொண்டது. கடல் தண்ணீர் உள்ளே வரவில்லை, இறால் வரவில்லை. எழுபது நாள் வலை நனைந்ததே தவிர நிரம்பவில்லை. வீட்டில் கையிருப்பு தொண்ணூறு ரூபாய். நாளுக்கு ஐந்து என்றால் பதினெட்டு நாள். பத்தொன்பதாம் நாள் அம்மாவின் கம்மல் போயிற்று. நாற்பதாம் நாள் வாக்கில் வியாபாரியின் ஆட்கள் வந்து வலையை எடுத்துக்கொண்டார்கள். அடுத்த வாரம் தோணி. முகத்துவாரம் திறந்து இறால் வந்தபோது நைனா அடுத்தவன் தோணியில் கூலிக்குப் போய்க்கொண்டிருந்தார்.

அவர் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

எம்.எஸ்ஸி. முதல் வருஷத்தில் பேராசிரியர் ஒரு நாள் 'சூதாடியின் அழிவு' என்ற கணக்கைக் கரும்பலகையில் எழுதினார். இரண்டு பேர் பூவா தலையா போடுகிறார்கள். தோற்றவன் ஜெயித்தவனுக்கு ஒரு ரூபாய் தர வேண்டும். காசு ஒழுங்கான காசு, ஏமாற்று இல்லை, இருவருக்கும் சரிபாதி வாய்ப்பு. ஒருவனிடம் பத்து ரூபாய், இன்னொருவனிடம் தொண்ணூறு. யாராவது ஒருவன் கை காலியாகும் வரை ஆட்டம். பத்து ரூபாய்க்காரன் ஓட்டாண்டியாகும் வாய்ப்பு எவ்வளவு? நூற்றுக்குத் தொண்ணூறு. ஆட்டத்தில் அநியாயமே இல்லை, சராசரியில் இருவருக்கும் லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை. கையிருப்பு குறைந்தவன் அழிகிறான், அவ்வளவுதான்.

நான் எழுதுவதை நிறுத்திவிட்டேன். நைனாவிடம் நான் போட்டிருக்க வேண்டிய கணக்கு இது. சராசரி எவ்வளவு என்று கேட்ட நான், கையில் எத்தனை நாள் இருக்கிறது என்று கேட்கவில்லை.

இந்தக் கணக்குக்கும் நம் ஊருக்கும் ஒரு தொடர்பு இருப்பது பின்னால்தான் தெரிந்தது. இதை 1650களில் பாஸ்கல் என்ற பிரெஞ்சுக்காரர் கிளப்பினார். 1657இல் சூதாட்டக் கணக்குகளைப் பற்றி வந்த முதல் அச்சுப் புத்தகத்தில் கடைசிக் கணக்காக இதைச் சேர்த்தவர் ஹைகன்ஸ் என்ற டச்சுக்காரர். 1657 என்றால் பழவேற்காட்டில் டச்சுக்காரர்களின் கெல்டிரியா கோட்டை கொடிகட்டிப் பறந்த காலம். சோழமண்டலக் கரை முழுவதற்கும் நம் ஊர்தான் அவர்களுக்குத் தலைநகர். இங்கிருந்து துணி கப்பலேறிக் கிழக்கே போகும். அந்தக் கம்பெனியின் பங்குகளை ஆம்ஸ்டர்டாமில் வாங்கி விற்றுக்கொண்டிருந்தார்கள். 1671இல் அந்த நாட்டின் தலைவர் யோஹான் டி விட், ஒருவர் உயிரோடு இருக்கும்வரை வருஷா வருஷம் பணம் தருவதென்றால் அதற்கு இன்று என்ன விலை வைக்கலாம் என்று கணக்குப் போட்டுக் கொடுத்தார். ஆயுள் காப்பீட்டுக் கணிதத்தின் ஆரம்பங்களில் அதுவும் ஒன்று. டச்சுக் கல்லறை வாசலில் இரண்டு எலும்புக்கூடு செதுக்கியிருக்குமே, சின்ன வயதில் அதைப் பார்த்துப் பயந்து ஓடியிருக்கிறோம். அந்த மனிதர்களின் ஊரில் அந்தக் காலத்தில் பிறந்த கணக்குதான் முந்நூறு வருஷம் கழித்துச் சென்னையில் ஒரு வகுப்பறையில் என்னைக் குத்தியது.

1974இல் எம்.எஸ்ஸி. முடித்தேன். மேலே ஆராய்ச்சி செய்ய வேண்டும் என்ற வெறி இருந்தது. ஆனால் இரண்டு தங்கைகள், கூலிக்குப் போகும் நைனா. மீன்வளத் துறையில் புள்ளிவிவரப் பிரிவில் வேலை கிடைத்ததும் சேர்ந்துவிட்டேன். மீன் இறங்கும் துறைகளில் எந்த நாள், எந்தத் தோணி, எவ்வளவு மீன் என்று மாதிரி எடுத்து எழுதும் வேலை. எல்லாத் தோணியையும் எண்ண முடியாது. குலுக்கல் முறையில் நாளையும் தோணியையும் தேர்ந்தெடுத்து எண்ணி, அதிலிருந்து மொத்தத்தை மதிப்பிட வேண்டும். மடவை, கெளுத்தி, வெள்ளை இறால், நண்டு என்று காலை நான்கு மணிக்குப் பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் எழுதிய எழுத்து இன்னும் என் நோட்டுகளில் மீன் வாசனையோடு இருக்கிறது.

1978இல் பகுதி நேர ஆராய்ச்சிக்குப் பதிவு செய்தேன். என் கேள்வி எளிமையானது. ஒரு மீனவன் ஒரு வருஷத்துக்குள் கடனில் மூழ்கித் தொழிலை இழக்கும் வாய்ப்பு நூற்றுக்கு ஐந்துக்குள் இருக்க வேண்டும் என்றால், எத்தனை நாள் செலவுக்குக் கையிருப்பு வேண்டும்?

இதற்கு நெருங்கின கணக்கு ஏற்கெனவே இருந்தது. சுவீடனில் லுண்ட்பெரி என்பவர் 1903இல் தன் ஆராய்ச்சிக் கட்டுரையில் காப்பீட்டுக் கம்பெனிக்கு இதே கேள்வியைக் கேட்டார். பிரீமியம் சீராக வருகிறது, இழப்பீடு கேட்டு ஆட்கள் எப்போது வருவார்கள், எவ்வளவு கேட்பார்கள் என்று தெரியாது. கம்பெனி மூழ்காமல் இருக்கக் கையில் எவ்வளவு வேண்டும்? அதே நாட்டுக்காரர் கிராமர் 1938இல் இதை இன்னும் கூர்மையாக்கினார். சராசரியிலிருந்து கொஞ்சம் விலகுவது சாதாரணம். வெகுதூரம் விலகுவது எவ்வளவு அபூர்வம் என்று அளப்பதுதான் அவர் செய்தது.

ஒரு உதாரணம் சொல்கிறேன். பூவா தலையா பத்துத் தடவை போட்டால் ஆறும் அதற்கு மேலும் பூ விழ நூற்றுக்கு 38 வாய்ப்பு. ஆச்சரியமே இல்லை. நூறு தடவை போட்டு அறுபதும் அதற்கு மேலும் பூ விழ வேண்டுமென்றால் நூற்றுக்கு மூன்றுக்கும் கீழே. ஆயிரம் தடவை போட்டு அறுநூறும் அதற்கு மேலும் என்றால் சுமார் 700 கோடியில் ஒரு தடவை. விகிதம் அதே பத்துக்கு ஆறுதான், ஆனால் வாய்ப்பு எப்படிப் பாதாளத்துக்குப் போகிறது பாருங்கள். எந்த வேகத்தில் போகிறது என்பதற்குக் கிராமர் சூத்திரம் தந்தார்.

நான் அந்தச் சூத்திரத்தில் பழவேற்காட்டுக் கணக்கைப் போட்டேன். அது சொன்னது, இருபது நாள் செலவுக்குக் கையிருப்பு இருந்தால் போதும், மீனவன் மூழ்கமாட்டான். என் நைனாவிடம் பதினெட்டு நாள் இருந்தது. கிட்டத்தட்டப் போதுமான அளவு! ஆனால் அவர் மூழ்கினார். குப்பத்தில் அவரைப் போல இன்னும் எத்தனையோ பேர்.

எங்கே தப்பு என்று கண்டுபிடிக்க எனக்கு ஒரு வருஷம் ஆயிற்று. காசுக்கு ஞாபகம் கிடையாது. போன தடவை தலை விழுந்தது என்பதற்காக இந்தத் தடவை மாறி விழாது. கடலுக்கும் ஏரிக்கும் ஞாபகம் உண்டு. முகத்துவாரம் மூடிய மறுநாள் மூடியேதான் இருக்கும். வெறும் வலை வந்த நாளுக்கு அடுத்த நாளும் வெறும் வலை வரவே வாய்ப்பு அதிகம். என் நோட்டில் அது பளிச்சென்று தெரிந்தது. கெட்ட நாட்கள் தனித்தனியாக வருவதில்லை, கூட்டமாக வருகின்றன. ஒருவனுக்கு மட்டும் அல்ல, குப்பம் முழுவதற்கும் ஒரே நேரத்தில். கைமாற்று கேட்கக்கூடப் பக்கத்து வீட்டில் காசு இருக்காது.

தப்பு தெரிந்தது. திருத்தத் தெரியவில்லை. ஒரு நாள் அடுத்த நாளைப் பாதிக்கும் தொடர்களுக்கு மார்க்கோவ் தொடர் என்று பெயர். அதில் இப்படி வெகுதூர விலகலை அளக்கும் கணிதம் எனக்குப் பிடிபடவில்லை. வேலை மாற்றல், தங்கை கல்யாணம், நைனா காலமானது, பிள்ளைகள். எனக்கு வழிகாட்டிய பேராசிரியரும் ஓய்வு பெற்றார். 1985இல் பதிவு காலாவதியானது. கடிதம் வந்தபோது ஒரு மாதிரி நிம்மதியாகக்கூட இருந்தது, பொய் சொல்வானேன்.

அப்புறம் 2007. மார்ச் மாதம் பேப்பரில் ஒரு செய்தி. கணிதத்துக்கு நோபல் பரிசு கிடையாது, அதற்கு இணையாகச் சொல்லப்படும் ஏபெல் பரிசு சென்னையில் பிறந்த எஸ்.ஆர்.எஸ். வரதனுக்கு. அறுபது லட்சம் நார்வே குரோனர். பெருமையோடு படித்துக்கொண்டே வந்தவன், படித்த பள்ளிக்கூடம் என்ற இடத்தில் நின்றுவிட்டேன். பொன்னேரி!

அவருடைய அப்பா ரங்க ஐயங்கார் அறிவியல் ஆசிரியர். பொன்னேரி போர்டு உயர்நிலைப் பள்ளியில் தலைமையாசிரியராக இருந்தவர். மகன் அங்கே பள்ளிப் படிப்பை முடித்து, தாம்பரம் கிறிஸ்தவக் கல்லூரியில் இண்டர்மீடியட், மாநிலக் கல்லூரியில் புள்ளியியல் ஆனர்ஸ் படித்து 1959இல் பட்டம் வாங்கி, கல்கத்தாவில் மகலனோபிஸ் 1931இல் ஆரம்பித்த இந்தியப் புள்ளியியல் நிறுவனத்துக்கு ஆராய்ச்சிக்குப் போனார். பள்ளியில் ஒரு கணக்கு வாத்தியார் லீவு நாளில் பையன்களை வீட்டுக்குக் கூப்பிட்டு, காசு வாங்காமல், கணக்கை விளையாட்டுப் போல, புதிர் போலச் சொல்லிக் கொடுத்தாராம். அவர் போன பதினான்கு வருஷம் கழித்து நானும் அதே பொன்னேரியில்தான் எஸ்.எஸ்.எல்.சி. எழுதினேன். எனக்கு வாய்த்த கணக்கு வாத்தியார் பிரம்பால் சொல்லிக் கொடுத்தார். சரி, அது கிடக்கட்டும்.

கல்கத்தாவில் வரதன் முதலில் தொழிற்சாலைத் தரக் கட்டுப்பாட்டுப் புள்ளியியலில் ஈடுபட நினைத்துப் போனவர். அங்கே கே.ஆர். பார்த்தசாரதி, வி.எஸ். வரதராஜன், ரங்கா ராவ் என்ற மூன்று இளைஞர்களோடு சேர்ந்து நிகழ்தகவுக் கோட்பாட்டில் இறங்கிவிட்டார். வழிகாட்டி சி.ஆர். ராவ், 2023இல் நூற்றிரண்டு வயதில் காலமானாரே, அவர்தான். வரதனின் ஆராய்ச்சியை மதிப்பிட்டவர் ரஷ்யாவின் கோல்மகோரோவ். நிகழ்தகவுக்கு அஸ்திவாரமே போட்டவர். வரதன் தன் ஆராய்ச்சியை எடுத்துச் சொல்லும்போது அவரே நேரில் உட்கார்ந்திருந்தார். இவர் உற்சாகத்தில் ஒரு மணி நேரத்துக்குப் பதில் ஒன்றரை மணி நேரம் பேசிவிட்டார். கூட்டம் நெளிய ஆரம்பித்தது. கோல்மகோரோவ் எழுந்து கருத்துச் சொல்லப் போகும்போது ஆட்கள் வெளியேறினார்களாம். அவர் கோபத்தில் சாக்பீஸை எறிந்துவிட்டு வெளியே போய்விட்டார். பட்டம் போயிற்று என்று பயந்து இவர் ஓடிப்போய் மன்னிப்புக் கேட்க, உன் மேல் கோபமில்லை, நான் பேச எழுந்தபோது போனார்களே அவர்கள் மேல்தான் என்றாராம். வரதனே ஒரு பேட்டியில் இதைச் சொல்லியிருக்கிறார். பட்டம் கிடைத்தது. 1963இல் நியூயார்க் போனார், கூரண்ட் கணித நிறுவனத்தில் சேர்ந்து அங்கேயே தங்கிவிட்டார்.

அவர் செய்தது என்ன என்று தேடிப் படித்தேன். 'பெருவிலகல் கோட்பாடு'. கிராமரின் கணக்கை எடுத்து 1966இல் அதற்குப் பொதுவான வடிவம் தந்தார். பிறகு டான்ஸ்கர் என்பவரோடு சேர்ந்து, ஒரு நாள் அடுத்த நாளைப் பாதிக்கும் மார்க்கோவ் தொடர்களுக்கு அதை விரிவாக்கினார். அந்த வரிசையில் முதல் கட்டுரை 1975இல் வந்தது.

1975! நான் பதிவு செய்ததற்கு மூன்று வருஷம் முன்னால். நான் முட்டி மோதி நின்ற அதே சுவரில் பொன்னேரிப் பள்ளிக்கூடத்தில் படித்தவர் ஏற்கெனவே கதவு வைத்திருந்தார். நூலகத்தில் போய் ஆய்வு இதழ்களைப் புரட்டியிருந்தால் கண்ணில் பட்டிருக்கலாம். பட்டிருந்தாலும் எனக்குப் புரிந்திருக்குமா என்பது வேறு. அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை.

இன்னொன்றும் அப்போது படித்தேன். வரதனுடைய மூத்த மகன் நியூயார்க்கில் நிதிச் சந்தையில் வேலை பார்த்தவர். 2001 செப்டம்பர் 11 அன்று உலக வர்த்தக மையத்தில் இறந்துபோனார். அபூர்வ நிகழ்ச்சிகளை வாழ்நாள் முழுவதும் அளந்த மனிதர். அந்த வரியைத் தாண்டிப் படிக்க எனக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

நிதிக் கணிதம் என்று இப்போது பெரிதாகச் சொல்கிறார்களே, அதுவும் ஒரு மாணவரின் ஆராய்ச்சிக் கட்டுரையில்தான் ஆரம்பித்தது. 1900இல் பாரிஸில் பாஷலியே என்பவர் பங்குச் சந்தை விலையின் ஏற்ற இறக்கத்தைக் கணிதமாக எழுதிக் கொடுத்தார். அப்போது பெரிதாகக் கண்டுகொள்வார் இல்லை. எழுபது வருஷம் கழித்து, 1973இல், பிளாக்கும் ஷோல்ஸும் ஒரு விலைச் சூத்திரம் எழுதியதும் உலகமே அதன் பின்னால் ஓடியது. 2008இல் அமெரிக்காவில் வீட்டுக் கடன் கவிழ்ந்தபோது என்ன நடந்தது? ஒருவன் தவணை கட்டாவிட்டால் இன்னொருவன் கட்டுவான் என்று ஆயிரக்கணக்கான கடன்களைக் கட்டாகக் கட்டி விற்றார்கள். வீட்டு விலை இறங்கியதும் எல்லோருமே ஒரே நேரத்தில் கட்டவில்லை. முகத்துவாரம் மூடிக்கொண்டது என்று நான் நினைத்துக்கொண்டேன். அங்கேயும் சராசரி சரியாகத்தான் இருந்திருக்கும்.

இதையெல்லாம் அண்ணனிடம் முழுவதும் சொல்லவில்லை. பேத்தியிடம் மட்டும் கேட்டேன், "உன் ஆராய்ச்சியில் இழப்பீடுகள் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல் வருவதாக எடுத்துக்கொள்கிறாயா?"

"இல்ல தாத்தா. அதுதான் விஷயமே. புயல் வந்தா எல்லாம் ஒண்ணா வரும்ல? கூட்டமா வர்றதைத்தான் பார்க்கப் போறேன். லார்ஜ் டீவியேஷன்ஸ்தான்" என்றாள். 2004 சுனாமியின்போது கைக்குழந்தையாக இருந்தவள் அவள். அண்ணன்தான் தோளில் போட்டுக்கொண்டு ஓடினார்.

அண்ணன் குறுக்கிட்டார். "அதெல்லாம் இருக்கட்டும்பா. எதுல போறது?"

இந்தத் தடவை நான் சம்பளத்தைப் பற்றிக் கேட்கவில்லை. வீட்டில் என்ன கையிருப்பு இருக்கிறது என்று கேட்டேன். அவர் முகம் மாறிவிட்டது. நம் ஆட்கள் கடனைக்கூடச் சொல்லிவிடுவார்கள், கையிருப்பைச் சொல்லமாட்டார்கள். மெதுவாக வந்தது. மகன் போட்டுக்குக் கடன், மாதம் பதினோராயிரம் தவணை. நகை பாதி அடகில். எல்லாம் போக நான்கு மாதம் தள்ளலாம்.

பேத்தி சி.எஸ்.ஐ.ஆர். நெட் தேர்வில் உதவித்தொகையோடு தேறியிருக்கிறாள். முதல் இரண்டு வருஷம் மாதம் 37,000 ரூபாய், அப்புறம் 42,000. விடுதி, சாப்பாடு போக வீட்டுக்குப் பதினைந்தாயிரம் அனுப்பலாம் என்று அவள் கணக்கு. சராசரிப்படி சரி. ஆனால் உதவித்தொகை மாதம் பிறந்தால் வந்துவிடும் என்று எண்ணக்கூடாது. சில நேரம் நான்கு மாதம், ஆறு மாதம் சேர்த்து வரும் என்று ஆராய்ச்சிப் பிள்ளைகள் புலம்பிக் கேட்டிருக்கிறேன். அது தாமதமாகும் அதே நேரத்தில் ஏரியும் காய்ந்தால்? நான்கு மாதக் கையிருப்பு தாங்காது. போட்டு போய்விடும்.

"அப்போ பேங்குக்கே போகட்டும்னு சொல்ற" என்றார் அண்ணன். பேத்தி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இல்ல. கையிருப்பு இன்னும் எட்டு மாசத்துக்கு வேணும்னு சொல்றேன். அதை நான் வெக்கறேன். என் பென்ஷன்ல. உதவித்தொகை தாமதமானா போட்டுத் தவணையை நான் கட்டறேன். பணம் வந்ததும் அவ திருப்பித் தரட்டும். வட்டி கிடையாது. தாமதமே ஆகலைன்னா ஒரு பைசாவும் வேணாம்."

என் மனைவி சமையல்கட்டு வாசலில் நின்று என்னைப் பார்த்த பார்வையை எழுதமாட்டேன். அதைப் பிறகு பேசி முடித்துக்கொண்டோம்.

அண்ணன் ரொம்ப நேரம் பேசவில்லை. வெளியே போய் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார். "உங்க நைனா தோணி போன அன்னிக்கு எங்க அப்பன் கையிலயும் ஒரு ரூபா இல்லடா. இருந்திருந்தா குடுத்திருப்பாரு" என்றார். எனக்குத் தெரியும் என்றேன். "சரி, படிக்கட்டும். ஊர்ல யாருக்கும் சொல்லாத" என்றார். பெயர் போடாததால் இங்கே எழுதுவதில் தப்பில்லை என்று நினைக்கிறேன். அண்ணன் இதையெல்லாம் படிக்கிறவரும் இல்லை.

கிளம்பும்போது பேத்தி என் பழைய நோட்டுகளைக் கேட்டாள். பரணிலிருந்து இறக்கினோம். மூன்று வருஷக் கணக்கு, ஒன்பது நோட்டு. இரண்டைக் கரையான் தின்றிருந்தது. மீதி ஏழையும் துணிப்பையில் போட்டுத் தோளில் மாட்டிக்கொண்டு போனாள்.

நேற்று போன் செய்தாள். நோட்டுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொண்டிருக்கிறாளாம். "தாத்தா, ரெண்டாவது நோட்டுல செப்டம்பர் மாசக் கூட்டல் தப்பா இருக்கு. நாற்பது கிலோ குறையுது."

பெட்ரோமாக்ஸ் அணைந்துபோன நாளாக இருக்கும் என்று சொல்லிச் சமாளித்தேன். இரண்டு தடவை சரிபார்த்தாளாம்.